துரைசாணிக் கீரையும் மூன்று கர்ச்சீப்புக் கதையும்

“…அதனாலதான் தம்பி, வெள்ளிக்கிழமை மேஸ்திரிய வரச் சொல்லிட்டேன். பின்பக்கம் பூரா சிமெண்டு போட்டு மூடிட்டா வத்தல் காயப் போடலாம், துணி காயப் போடலாம். ஆடு திங்கற எலைக்கு மூணு பாத்தி, அதுக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆளு, இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்று சொல்லிக்கொண்டே பார்வதி அக்கா என் இலையில் இன்னொரு கரண்டி மசியலை வைத்தாள்.

நான் மெட்ராஸில் கால் வைத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நல்ல பசி. அப்படியும் அந்த மசியல் உள்ளே இறங்க மறுத்தது. கரும்பச்சை நிறம், சுவரொட்டிப் பசை போல ஒரு வழவழப்பு, அடிநாக்கில் கசப்பு. பருப்பு, பூண்டு, தாளிப்பு என்று அக்கா எதிலும் குறை வைக்கவில்லை. “என்ன கீரைக்கா இது?” என்றேன். “துரைசாணிக் கீரை” என்றாள், போலீஸில் பெயர் எழுதிக் கொடுப்பது போல.

கை கழுவப் பின்பக்கம் போனபோது அந்தக் கீரையை நேரில் பார்த்தேன். மூன்று பாத்தி நிறைய, சுருக்கு வைத்த பாவாடையை விரித்து உட்கார்ந்தாற்போல், இளம்பச்சையாக லெட்டூஸ். மலேசியாவில், எங்கள் ஈப்போவில், இது கேமரன் மலையிலிருந்து லாரியில் வந்து இறங்கும். சீனர்கள் பச்சையாகவே கிள்ளிப் பொப்பியா என்கிற சுருட்டுப் பண்டத்துக்குள் வைப்பார்கள். தமிழர்கள் நாங்களும் சாலட் இலை என்று கேட்டு வாங்குவோம். அதைப் பருப்போடு வேகவைத்து மத்தால் கடைந்தவர்களை அன்றுதான் கண்டேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் எனக்கு ஒரு பத்திரிகைக் கடை. தோட்டப்புறத்திலிருந்து சம்பள நாளில் வருகிறவர்கள் வெற்றிலையோடு சேர்த்துக் கதைப்புத்தகமும் கேட்பார்கள். கப்பலில் வருகிற கட்டுகளில் யார் யாரோ தேர்ந்தெடுத்த புத்தகங்கள் இருக்கும். பாதி விலை போகாது. இந்தத் தடவை நானே போய்ப் பார்த்து எடுத்துவிடுவது என்று புறப்பட்டேன். எழுபதுகள் அப்போதுதான் பிறந்திருந்தன. பொங்கல் முடிந்த வாரம். பார்வதி அக்கா என் பெரியப்பா மகள். அத்தானுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை, அடையாற்றில் சொந்த வீடு. அந்த வீட்டை நான்கு வருஷம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பியதும், ஆழ்வார்பேட்டையில் ஒண்டிக்குடித்தனம் இருந்த அக்கா இங்கே வந்து ஆறு மாதம். வெள்ளைக்காரர்கள் விட்டுப் போனவை இரண்டு பிரம்பு நாற்காலி, மூன்று பாத்தி லெட்டூஸ், அப்புறம் கன்னியம்மா.

கன்னியம்மா பாத்தி ஓரம் குந்தியிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நான் வாய் கொப்பளித்த விதத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

“மசியல் வச்சாங்களா சார்?”

“வச்சாங்க.”

“பூவாட்டம் கீது. அத்தப் போயி அடுப்புல ஏத்தினா அது இன்னா பண்ணும், அயுவும்.” ஒரு இலையைக் கிள்ளிக் கையில் கொடுத்தாள். “தொரசாணியம்மா இத்த பூச்சி சாவற ஊதா மருந்துத் தண்ணில குளுப்பாட்டி, எலுமிச்சம்பயம் புயிஞ்சி, கறுக்கு மொறுக்குனு துன்னும். எனுக்கும் குடுக்கும். மொத நாளு ஒரு மாரியா இருந்துச்சு. அப்பால பயகிப்போச்சு.”

கடித்தேன். குளிர்ந்த நீரைக் கடித்தாற்போல் இருந்தது. அது தவிர கடுகுக் காரம் அடிக்கும் பொடி இலை ஒன்றும் பாத்தி ஓரத்தில் வைத்திருந்தாள். அதைத் தின்றால் மூக்கு வரை ஏறியது. பூ விட்ட செடியிலிருந்து விதையெடுத்து ஒரு பழைய பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பதையும் திறந்து காட்டினாள். மார்கழிக் குளிரில்தான் இது வரும், மாசி வெயில் பட்டால் கசந்துவிடும் என்று எல்லாம் கணக்காகச் சொன்னாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வெள்ளிக்கெயம சிமெண்டு போட்டுட்டாங்கன்னா என் வேல போச்சு. பாத்திரம் தேய்க்க எங்கன்னா ஊடு கெடைக்கும் நைனா, அது இல்லன்னு சொல்லல. மண்ணு கொத்தற வேல எனுக்கு யாரு குடுப்பா? நாலு வருசமா கல்லு பொறுக்கிப் பொறுக்கிக் கொத்தின மண்ணு இது. நீ அம்மாவுக்குத் தம்பி. நீ சொன்னா கேக்கும்.”

சொல்கிறேன் என்றேன். வந்த முதல் நாளே வாக்குக் கொடுத்தது என் வாய்க்கொழுப்பு.

செவ்வாய்க்கிழமை மயிலாப்பூர் போனேன். எங்கள் ஊர் பஸ்ஸில் பக்கத்து ஆளின் முழங்கை பட்டால் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே ஏறியதும் ஒரு அம்மாள் ஒரு வார்த்தை கேட்காமல் தன் குழந்தையை என் மடியில் உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் பின்னாலிருந்து, “உள்ள போ, உள்ள போ, கல்யாண மண்டபமாட்டம் காலியா கீது” என்று கூவிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு எறும்புக்கு இடமில்லை. குழந்தை என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் மணிக்கட்டில் கோடு போட்டது. பஸ் முழுவதும் ஒரே வீடு போல இருந்தது எனக்குப் பிடித்துப்போயிற்று.

இந்த ஊரில் கதை படிக்காத கையே இல்லை. ரேஷன் கடை வரிசையில் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படிக்கிறார்கள். பூக்காரி மாலையைப் பாதியில் விட்டுப் படிக்கிறாள். விலை கொடுத்து வாங்குகிறவர் குறைவு. வாடகைக்கு எடுத்து, முடித்து, மாற்றிக்கொள்கிறார்கள்.

அக்காவுக்கு ஆழ்வார்பேட்டை நாளிலிருந்தே புத்தகம் கொடுக்கிறவர் காதர் பாய். மயிலாப்பூர்க் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளிச் சந்துக்குள் அவர் கடை. முன்பக்கம் வாடகை நூலகம், பின்பக்கம் பைண்டிங். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துவைத்துக்கொண்டு வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். பாய் அடுக்கிப் பார்க்கிறார். ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் பக்கத்துத் தெருவில் யார் வீட்டில் அது கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். நூல் கோத்துத் தைத்து, காலிகோத் துணி ஒட்டி, முதுகில் கதைப்பெயரைத் தம் கையாலேயே எழுதுகிறார். கதாநாயகி மயங்கி விழும் பக்கத்தின் பின்னால் பல்பொடி விளம்பரம் இருக்கும். அதோடு சேர்த்துத்தான் கதை.

“எந்த ஊருக்குப் புக்கு சார்?”

“ஈப்போ.”

“அங்க ஜனங்க அழுவாங்களா, சிரிப்பாங்களா?”

“ரெண்டும் செய்வாங்க பாய்.”

“அப்போ ரெண்டு கர்ச்சீப்புல ஆரம்பிப்போம்.”

பாயின் அளவை அது. ஒரு கர்ச்சீப்புக் கதை என்றால் கல்யாணத்தில் முடியும். இரண்டு என்றால் நடுவில் யாராவது போய்ச் சேருவார்கள். மூன்று என்றால் கடைசிப் பக்கத்தைத் தாண்டியும் அழுகை நிற்காது. அவர் புத்தகம் தேர்ந்தெடுக்கிற முறை எனக்கு இருபது வருஷக் கடை அனுபவத்தில் தெரியாதது. அட்டையைப் பார்ப்பதில்லை. புத்தகத்தை மூடிப் பக்க ஓரத்தைப் பார்க்கிறார். “இது பாருங்க, நாப்பதாம் பக்கம் வரைக்கும் அழுக்கு. அப்புறம் வெள்ளையா இருக்கு. அத்தினி பேரும் அங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க. இத எடுக்காதீங்க. இது பாருங்க, கடைசி வரைக்கும் மஞ்சத்தூளு. அடுப்படியில கூடக் கீழ வைக்காமப் படிச்சிருக்காங்க. இது ஓடும்.” அக்காவின் பெயரைச் சொன்னதும் சிரித்தார். “அடையாறு அம்மா படிச்ச புக்கு தனியாத் தெரியும் சார். பக்கத்துக்குப் பக்கம் முறுக்கு எண்ணெய்.”

ஒரு துப்பறியும் நாவலைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்: ‘டிரைவர்தான் கொலைகாரன். நேரத்தை வீணாக்காதீர்கள்.’ அதற்குக் கீழே வேறு கையெழுத்து: ‘தெரிந்தேதான் படித்தேன். நன்றாகவே இருக்கிறது.’ அந்த இரண்டாவது ஆளை எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலம் கன்னியம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற முனைந்தேன். இலைகளை உப்புத் தண்ணீரில் அலசி, கையால் கிள்ளி, எலுமிச்சை பிழிந்து, உப்பு, மிளகு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை தூவி ஒரு தட்டு நிறைய அக்காவின் முன் வைத்தேன். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள்.

“அடுப்புல ஏத்த மறந்துட்டியா?”

“அப்படியே சாப்பிடறதுக்கா. ஈப்போவுல இதுதான் பழக்கம்.”

“பச்சை எலையத் தின்னா வயித்துல பூச்சி வரும். நான் சரி பண்ணித் தாரேன்” என்று எழுந்து போனாள். திரும்பி வந்தவள் கையில் தாளிப்புக் கரண்டி. கொதிக்கிற எண்ணெயில் வெடித்த கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் அத்தனையும் என் தட்டில் ‘சுர்’ என்று விழுந்தது. கண்ணெதிரே இலைகள் துவண்டு படுத்துக்கொண்டன. “இப்பச் சாப்பிடு” என்றாள். சாப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே கன்னியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை மறுபடி மயிலாப்பூர். பாயும் நானும் சேர்ந்து நூற்றுச் சொச்சம் புத்தகம் பொறுக்கினோம். பாய் பிரியும்போது ஒரு கனத்த பைண்டு புத்தகத்தைத் தனியாகக் கொடுத்தார். “இது அடையாறு அம்மாவுக்கு. மூணு கர்ச்சீப்பு. நேத்துதான் தைச்சு முடிச்சேன்.”

கட்டுகளைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். லஸ் முனை திரும்பும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, கயிறு அறுந்தது, அத்தனை கதைகளும் நடுரோட்டில். எங்கள் ஊரில் என்றால் கார்கள் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிப் போகும். இங்கே ஒரு நிமிஷத்தில் பத்துப் பதினைந்து பேர் குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பொறுக்கியவர்கள் உடனே கொடுத்தார்களா என்றால் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் துப்பறியும் நாவலை நீட்டி, “டிரைவர்தான் சார், நான் படிச்சிட்டேன்” என்றார். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் ஒரு புத்தகத்தில் முழுகிப்போனாள். “இன்னாம்மா, ஊட்டுக்கு எடுத்துக்கினு போறியா?” என்று ரிக்‌ஷாக்காரர் அதட்டினார். “இருய்யா, இந்தப் பக்கம் முடியட்டும்” என்றாள் அவள், தலை நிமிராமல். அவளுடைய பஸ் வரும்வரை நின்று வாங்கிக்கொண்டோம். எண்ணிப் பார்த்ததில் ஒரு புத்தகமும் குறையவில்லை.

மூட்டைகளை வீட்டில் இறக்கிவிட்டு, அத்தானைப் பார்க்கத் தியாகராய நகர் போனேன். கடைக்கு எதிரே ஒரு ஓட்டலில் அடையும் அவியலும் வாங்கிக் கொடுத்தார். அடையின் ஓரம் மொறுமொறுவென்று பிஸ்கட் போல இருந்தது, நடுவில் முருங்கைக்கீரை. இந்த ஊரில் கீரை எந்த வேஷத்தில் வந்தாலும் அடுப்பைத் தாண்டித்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். பாத்தி விஷயத்தை மெல்ல எடுத்தேன். “வீட்டுக்குப் பின்னால என்ன நடக்குதுங்கறது உங்க அக்கா டிபார்ட்மெண்டு மாப்ள. நான் கடைக்கு மட்டும்தான் முதலாளி” என்று ஃபில்டர் காப்பியை ஆற்றினார். அந்தக் கதவும் மூடியது. காப்பியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: ஈப்போக் கோப்பிக்கு நான் இத்தனை நாள் பேசிய பேச்சையெல்லாம் அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வெளியே எங்கும் போகவில்லை. மறுநாள் மேஸ்திரி வந்துவிடுவார் என்ற நினைப்பு நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா பின் அறை ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தாள். அக்காவுக்கு மனத்துக்குள் படித்தால் ருசிக்காது. வாய்விட்டுத்தான் படிப்பாள். கதாநாயகனுக்கு ஒரு கனத்த குரல், வில்லனுக்கு மூக்கால் ஒரு குரல், மாமியாருக்கு அவளுடைய சொந்த மாமியார் குரல். நான் அதே அறையில் சிமெண்டுத் தரையில் படுத்துத் தூங்குவது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாய் கொடுத்த பைண்டு புத்தகம்தான். ரயில்வே கேட் கீப்பரின் மகள். சிறுவயதில் தொலைந்துபோன அவள் அண்ணன் அதே ஸ்டேஷனுக்கு மாஸ்டராக வந்து சேர்கிறான். அவளுக்கு அவன் யாரென்று தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவள் அம்மாவிடமிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு தந்தி வருகிறது.

கன்னியம்மா வெளியே களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மூன்று பாத்தி இருக்க, எல்லாவற்றையும் விட்டு ஜன்னலுக்கடியில் இருக்கிற வெற்றுத் தரையிலேயே ஏன் குந்துகிறாள் என்று எனக்கு வந்த நாளிலிருந்து சந்தேகம். அங்கே ஒரு புல்கூடக் கிடையாது.

அக்காவின் கை முறுக்கு டப்பாவைத் துழாவியது. தூள் மட்டும்தான் மிச்சம். அப்போது வெளியே ‘கறுக், கறுக்’ என்று ஒரு சத்தம்.

அக்கா படிப்பதை நிறுத்தினாள். “யாரது?”

“நாந்தாம்மா.”

“அங்க என்ன பண்றே?”

“களை எடுக்கறேன்.”

“களையவா கடிச்சுத் திங்கறே?”

“எலைம்மா, அது.” பிறகு தாங்க முடியாமல், “நிறுத்தாதம்மா. அவன் தந்தியப் பிரிச்சானா இல்லியா?”

அக்கா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். “கதை கேட்டுக்கிட்டா இருக்கே? எத்தனை நாளா?”

“நீ வந்த நாள்லேர்ந்து.” கன்னியம்மா எழுந்து நின்றாள். பிடிபட்ட பிறகு அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. “எல்லாக் கதையும் கேட்டேன். அந்தக் கண்ணு தெரியாத டாக்டரு கதைய மட்டும் கடைசில நீ மனசுக்குள்ளயே படிச்சிட்ட. அவனுக்குக் கண்ணு வந்துச்சா இல்லியான்னு தீவாளிலேர்ந்து எனுக்குத் தெரியல. ராவுல நெனப்பு வருது.”

அக்கா முகத்தில் ஒரு சங்கடம். சாமான் வாங்கி வரச் சொன்னதை மறந்துவிட்டு வந்த ஆள் முகம் அப்படி இருக்கும். “அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு” என்றாள். பிறகு, “வந்துச்சு. கண்ணு வந்துச்சு. ஆனா கட்டு அவுக்கறதுக்கு முந்தியே அவ ஊரைவிட்டுப் போயிட்டா.”

“போயிட்டாளா.”

“போயிட்டா.”

கன்னியம்மா மெல்லக் கீழே உட்கார்ந்தாள். பிறகு அக்கா புத்தகத்தை எடுத்தாள். இந்தத் தடவை குரல் கூடியிருந்தது. நாற்காலியும் ஜன்னல் பக்கம் ஒரு சாண் திரும்பியிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தந்தியைப் பிரித்தார். அம்மா சாகக் கிடக்கிறாள். வெளியே மறுபடி ‘கறுக், கறுக்’. அக்கா கண்ணைப் பக்கத்திலிருந்து எடுக்காமல் இடது கையை மட்டும் கம்பிக்கு வெளியே நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க. அந்தக் கையில் ஒரு இலை வந்து விழுந்தது.

மென்றாள். ஒரு பக்கம் திருப்பினாள். கை மறுபடி வெளியே போனது.

“உப்பு இருக்கா?” என்றாள், கதையின் நடுவில், அதே குரலில்.

“முந்தானைல கீதும்மா.”

நாலு மணிக்குள் அம்மா செத்தாள், அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் அறிந்தார்கள், ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. காதர் பாயின் அளவை தப்பவில்லை. எனக்கே இரண்டு கர்ச்சீப்பு வேண்டியிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, “அக்கா, நாளைக்கு மேஸ்திரி…” என்று இழுத்தேன்.

“வருவான். வரச் சொன்ன ஆளு வராம இருப்பானா?” என்று ரசத்தை ஊற்றினாள். அதற்கு மேல் அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் மேஸ்திரி வந்துவிட்டார். கைவண்டியில் மணல், சிமெண்டு மூட்டை, கூட இரண்டு ஆள். பக்கெட்டைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாத்திகளை ஒரு பார்வை பார்த்தார். கன்னியம்மா அதற்கு முன்பே வந்திருந்தாள். தண்ணீர் ஊற்றவில்லை. பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரிச் சுவரோரம் நின்றாள். நான் சமாதானமாக ஏதாவது சொல்லப் பார்த்தேன்.

“எங்கேந்தும்மா ஆரம்பிக்கறது?” என்று மேஸ்திரி உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அக்கா வந்தாள். கையில் வேறொரு புத்தகம், படித்த இடத்தில் விரல். மேஸ்திரியைப் பார்க்கவில்லை, கன்னியம்மாவையும் பார்க்கவில்லை. தரையிலிருந்து ஒரு செங்கல் துண்டைப் பொறுக்கினாள். கிணற்றடியில் குனிந்து கோடு போட ஆரம்பித்தாள். துணி காயும் கொடிவரை நேராக வந்தாள். “இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உன் சிமெண்டு. இந்தப் பக்கம் ஒரு கரண்டி விழக் கூடாது” என்றாள், கோட்டைப் பார்த்துக்கொண்டே. முதல் பாத்தியைச் சுற்றினாள், இரண்டாவதைச் சுற்றினாள், மூன்றாவதையும் சுற்றினாள். அதோடு காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் திரும்புவாள் என்று நினைத்து மேஸ்திரி சாந்துக் கரண்டியை எடுத்தார். அக்கா திரும்பவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே அந்த வெற்றுத் தரை முழுவதையும் உள்ளே வளைத்துக்கொண்டு, கோட்டை ஜன்னலுக்கு அடியில் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் முட்டவிட்டாள்.